ஃபுர்க்கா கணவாயில் அக்காவுக்குச் சொன்னது

காலை 7.10. லுசேர்ண் நகரத்தின் ஓரத்தில், அக்காவின் தொடர்மாடிக்குக் கீழே, அத்தானின் காரில் ஏறி உட்கார்ந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நேரம் குறிப்பது என் தொழில் தந்த வியாதி. ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்தில் இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். மோர்னிங்சைட் சந்தியில் இரண்டு நிமிடம் முந்தினாலும் பிழை, மூன்று நிமிடம் பிந்தினாலும் பிழை. அப்படிப்பட்டவன் ஒரு செய்தியைச் சொல்ல நான்கு மாதம் பிந்தியிருந்தேன். அன்றைக்கு அதைச் சொல்லியே ஆகவேண்டும். மறுநாள் மதியம் எனக்கு விமானம்.

போகிற பாதையை அத்தான் முதல்நாளே தாளில் எழுதி, காரின் முன்பக்கத்தில் செருகியிருந்தார். லுசேர்ண், கெஷெனென், அண்டர்மாட், ரெயால்ப், ஃபுர்க்கா கணவாய், கிளெட்ச், கிறிம்சல் கணவாய், மைரிங்கன், புறூனிக், திரும்பவும் லுசேர்ண். சுற்றி வர ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். ஃபுர்க்காவின் உச்சி 2,429 மீற்றர். ரொறொன்ரோவில் நாங்கள் உயரம் என்று அண்ணாந்து பார்ப்பது ஏரிக்கரையில் நிற்கிற அந்தக் கோபுரத்தைத்தான். அதை நான்கு தடவை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் இந்தத் தெரு போகிற உயரம் வராது. அந்த உயரத்துக்கு, வருடத்தில் நாலைந்து மாதம் மட்டும் திறந்திருக்கிற ஒரு சாதாரணத் தார்ச்சாலையில், பெற்றோல் கார் ஏறிப் போகிறது.

முன் இருக்கையில் அக்கா. அறுபத்தேழு வயது. மார்ச் மாதம் நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்தவர். இருக்கைப் பட்டி தழும்பில் உரசாமல் இருக்க ஒரு சிறிய துவாயை மடித்து இடையில் வைத்திருந்தார். அத்தான் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மலைக்குப் போகலாமா என்று அக்காவின் டொக்டரிடம் கேட்டுத்தான் ஏற்பாடு செய்திருந்தார். "ஆறுதலா ஏறச் சொன்னவர். மேல ஓடித் திரியவேண்டாமாம்" என்றார். "நான் எப்ப ஓடித் திரிஞ்சனான்?" என்றார் அக்கா. இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குத் தம்பிமார்தான் பிள்ளைகள்.

அந்தச் செய்தி என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்களையும் அக்காவைப் போல ஒன்றும் தெரியாமல் வைத்திருப்பது முறையில்லை. அக்கா மூத்தவர், நடுவில் நேசன் அண்ணை, கடைசி நான். அக்காவின் சத்திரசிகிச்சை முடிந்து எட்டாம் நாள், ரொறொன்ரோவில் நேசன் அண்ணை இறந்துபோனார். குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. அத்தானுக்கு அறிவித்தபோது அவர் தொலைபேசியில் குழறினார். "இப்ப சொன்னா இவவும் போயிடுவா தம்பி. ஒரு மாசம் போகட்டும்."

வருத்தக்காரருக்கும் வெளிநாட்டில் தனியே இருப்பவருக்கும் சாவுச் செய்தியை மறைப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. நாங்களும் மறைத்தோம். இணையத்தில் மரண அறிவித்தல் போடவில்லை. சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து வாயைப் பூட்டினோம். டொக்டர் சொன்னதாகச் சொல்லி அத்தான் அக்காவின் தொலைபேசியிலிருந்து முகநூலை எடுத்துவிட்டார். ஞாயிறு தோறும் அக்காவோடு கதைக்கிற நேசன் அண்ணை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால், அவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன், கதைக்கக் கூடாது என்று சொல்ல முடிவானது. கதைக்கக் கூடாது, ஆனால் எழுதலாம் என்று வால் ஒட்டியவன் நான். அண்ணையின் தொலைபேசியை அண்ணியிடம் வாங்கிவைத்து, அண்ணையாக அக்காவுக்குக் குறுஞ்செய்தி எழுதியவனும் நான்தான்.

காலை 8.25. கெஷெனென். நெடுஞ்சாலை இங்கே மலையைக் குடைந்து சுரங்கத்துக்குள் போகிறது. சுரங்கத்துக்குக் காத்துநின்ற கார் வரிசையை விட்டு நாங்கள் பழைய தெருவில் திரும்பினோம். உடனே உலகம் மாறிவிட்டது. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் மாதிரி எழும்பி நிற்க, நடுவில் ஆறு வெள்ளையாக நுரைத்துக்கொண்டு விழுகிறது. தெரு அதன் மேலே வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு வளைவில் பழைய கற்பாலமும் புதிய பாலமும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன. அத்தான் காரை மெதுவாக்கினார். அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, முகத்தில் தூவானம் பட, "நேசன் கண்டானெண்டால் இதில ஒரு மணித்தியாலம் நிண்டு படம் எடுப்பான்" என்றார். அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் முதல்நாளே பேசி வைத்திருந்தோம். மேலே வைத்துச் சொல்லக் கூடாது. இறங்கி, மைரிங்கன் வந்த பிறகு சொல்வது. மைரிங்கன் அறுநூறு மீற்றர் உயரம்தான், மூச்சுக்குக் கஷ்டமில்லை, ஆஸ்பத்திரிக்கும் தெருவழி நல்லது. வந்து ஆறு நாள் ஆகியும் எனக்கு வாய் வரவில்லை. முதல்நாள் பயணக் களைப்பு, இரண்டாம் நாள் அக்காவுக்குத் தலையிடி, மூன்றாம் நாள் விருந்தாளிகள். சாக்குச் சொல்வதற்கு எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

காலை 8.50. அண்டர்மாட், 1,437 மீற்றர். மரக்கூரை வீடுகளும் யன்னல்களில் சிவப்புப் பூக்களும். ஒரு கோப்பி ஐந்து பிராங் இருபது சதம். அதைக் கனடா டொலருக்கு மாற்றிப் பார்க்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். அத்தான் கழிப்பறைக்குப் போன நேரம் அக்கா என் பக்கம் குனிந்தார்.

"மூண்டு கிழமையா நேசன் எனக்கு ஒண்டும் எழுதேல்லை. நீ அவனைப் பாக்கிறனீதானே? என்னோட கோவமோ?"

"கோவமில்லை அக்கா."

"அப்ப ஏன்?"

கோப்பி சூடாயிருக்கிறது என்றேன். ஏன் மூன்று வாரமாகச் செய்தி இல்லை என்பது எனக்குத் தெரியும். தொலைபேசி இப்போது என்னிடம் இல்லை. அதை இங்கே விளக்கவேண்டும்.

நேசன் அண்ணை இருபத்து நான்கு வருடத்துக்கு முன் ஜெசிந்தாவைக் கல்யாணம் செய்தார். ஜெசிந்தா வேறு சமயம், வேறு சாதி. அக்கா அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. மற்றவர்களையும் வரவிடாமல் செய்தார். தம்பியோடு மட்டும் பிறகு கதைக்கத் தொடங்கினார், ஆனால் ஜெசிந்தாவின் பெயரை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கதையெல்லாம் பனி, மழை, என்ன கறி என்பதோடு சரி. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அண்ணையின் தொலைபேசிக்கு அக்காவின் செய்தி வந்தது. பேருந்தின் கடைசி நிறுத்தத்தில், வெறும் பேருந்துக்குள் உட்கார்ந்து அதை வாசித்தேன். 'நெஞ்சைத் திறந்து தைச்ச பிறகு இதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன். உன்ர கலியாணத்தில நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிப்பியோ?' பேருந்தைத் திருப்பி எடுக்க எனக்கு ஆறு நிமிடம் இருந்தது. அந்த ஆறு நிமிடத்துக்குள் எழுதினேன். 'அதெல்லாம் எப்பவோ மறந்திட்டன் அக்கா. நீங்கள் சுகமாகுங்கோ.' உடனே பதில் வந்தது. 'இண்டைக்குத்தான் எனக்கு வடிவா மூச்சு வருது.' அன்று முழுக்க நான் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பேருந்து ஓட்டினேன்.

ஜூன் மாதக் கடைசியில் அண்ணையின் படங்களை எடுக்கவென்று ஜெசிந்தா அண்ணி தொலைபேசியைத் திரும்பக் கேட்டார். மறுநாள், ரொறொன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில் இருக்கிற தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். குசினி மேசையில் தொலைபேசி கிடந்தது. அண்ணி உட்காரச் சொல்லவில்லை.

"ஆரைக் கேட்டு மன்னிச்சனீங்கள் தம்பி?"

நான் அக்காவின் நெஞ்சு, ஒப்பரேசன் என்று ஏதோ இழுத்தேன்.

"அந்த மனுசன் உந்த ஒரு சொல்லுக்கு இருபத்து நாலு வருசம் பாத்துக்கொண்டிருந்தவர். அது வரேக்க அவர் இல்லை. மறுமொழி சொல்ல நானாவது இருந்தன். என்னட்டையும் கேக்கேல்லை. நேரில போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. ஜூலை முடியமுதல். இல்லாட்டி நான் எடுத்துச் சொல்லுவன்."

அப்படித்தான் எனக்கு அல்ப்ஸ் மலை பார்க்கக் கிடைத்தது.

காலை 9.30. ரெயால்ப் கிராமத்தைத் தாண்டியதும் தெரு ஒடுங்கிவிட்டது. மரங்கள் நின்றுவிட்டன. பச்சைப் புல், அதன் மேல் கல், அதன் மேல் பனி. வளைவுக்கு வளைவு கார் திரும்பும்போது, இவ்வளவு நேரமும் வலப்பக்கம் இருந்த பள்ளம் இடப்பக்கம் வந்துவிடும். தடுப்புக்கம்பி இல்லை, தெருவோரத்தில் முழங்கால் உயரக் கற்கள்தான், அவையும் பத்தடிக்கு ஒன்று. கீழே பார்த்தால் நாங்கள் வந்த தெரு கயிறு சுருண்டு கிடப்பதுபோலக் கிடந்தது.

அப்போது மேலே எங்கோ மூன்று சுரத்தில் ஓர் ஒலி கேட்டது. அத்தான், "போஸ்ட் பஸ் வருது" என்றார். மஞ்சள் நிறத் தபால் பேருந்துகள்தான் இந்த மலைத்தெருக்களின் அரசர்கள். நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருந்தால் அந்தத் தெருவில் பேருந்துக்குத்தான் முதலிடம். பேருந்துச் சாரதி பின்னால் எடு என்றால் பின்னால் எடுக்க வேண்டும், சட்டமே அதுதான். ரொறொன்ரோவில் நான் சமிக்ஞை போட்டுக்கொண்டு நின்றால் எனக்கு வழிவிடுகிற ஆளைக் காண்பது அருமை. அந்த வளைவில் மஞ்சள் பேருந்து மூக்கை நீட்டியது. ஓட்டி வந்தவர் நாற்பது வயதுப் பெண். இரண்டு விரலை அசைத்துப் பின்னால் போகச் சொன்னார். அத்தானின் கழுத்து வியர்த்துவிட்டது.

"நான் எடுக்கட்டோ அத்தான்?"

"சும்மா இரு. விருந்தாளியைக் கார் ஓடவிட்டால் ஊர் சிரிக்கும்."

"இந்த மலையில எந்த ஊர் நிண்டு பாக்குது?" என்றார் அக்கா. அத்தான் முப்பது மீற்றர் பின்னால் எடுத்து ஒரு ஒதுக்கிடத்தில் நிறுத்தினார். பேருந்து எங்கள் பக்கக் கண்ணாடிக்கும் தனக்கும் ஒரு சாண் விட்டு வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சாரதி கைகாட்டினார். நான் தொழில் மரியாதையோடு திருப்பிக் காட்டினேன். ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து சந்தோசமாக இருந்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

காலை 10.05. ஃபுர்க்கா கணவாய். ஒரு பலகை, ஒரு காற்று, ஒன்பது பாகை குளிர். ஜூலை மாதத்தில் தெருவோரத்தில் அழுக்குப் பனி ஒரு கட்டில் அளவுக்குக் கிடந்தது. நாற்பது கனடியக் குளிர்காலம் கண்ட எனக்குப் பனி புதிதில்லை. ஆனால் பனிக்குப் பக்கத்தில் ஊதாப் பூ பூத்திருப்பதை அங்கேதான் பார்த்தேன். தூரத்தில் மலைகள் அடுக்கடுக்காக, கடைசி அடுக்கு எது வானம் எது என்று தெரியாமல் போயின. அக்கா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அதைப் பார்த்து நின்றார். மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். இல்லை. என் மூச்சுத்தான் சரியில்லாமல் இருந்தது.

காலை 10.30. உச்சியிலிருந்து மேற்குப் பக்கம் இரண்டு கிலோமீற்றர் அளவில் இறங்கினால் ஒரு கொண்டையூசி வளைவுக்குள் பழைய ஹொட்டேல் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. காரை அங்கே நிறுத்திவிட்டு, ரோண் ஆறு பிறக்கிற பனியாற்றைப் பார்க்க ஒரு பாதையால் நடந்தோம். பத்து நிமிட நடை. அக்காவுக்காக இருபது நிமிடம் எடுத்தோம். ஒரு காலத்தில் இந்தப் பனி ஹொட்டேல் வாசல்வரை இருந்ததாம். இப்போது கல்லும் சாம்பல் நிறக் குளமும்தான். குளத்துக்கு அந்தப் பக்கம் பனியாறு தெரிந்தது. அதன் ஒரு கரையை முழுக்க நீள நீளமான வெள்ளைத் துணிகளால் மூடியிருந்தார்கள். துணி காற்றில் ஓரம் கிழிந்து, மண் படிந்து, கற்கள் பாரம் வைத்துக் கிடந்தது.

அக்கா நின்றுவிட்டார். "உதென்ன? ஏன் உப்பிடிப் போர்த்துக் கிடக்கு?"

"வெயிலுக்கு உருகாமல் இருக்கட்டும் எண்டு போர்த்துறவை" என்றார் அத்தான். "ஒவ்வொரு கோடைக்கும் போர்த்துவினம்."

"போர்த்தால் உருகாதோ?"

"உருகும். கொஞ்சம் பிந்தி உருகும். அவ்வளவுதான்."

"பிரேதத்தைப் போர்த்த மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னதற்காகத் தானே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சிவசிவா. நல்ல இடத்தில நிண்டு என்ன கதை கதைக்கிறன். இஞ்ச பார் தம்பி, வாற வெள்ளிக்கிழமை நேசன்ர நட்சத்திரம் வருது, கேட்டை. ஐயரிட்டைச் சொல்லி அவனுக்கு அபிஷேகம் ஒண்டு செய்விக்கப்போறன். இவ்வளவு நாளும் அருச்சனைதானே செய்தனான், தொண்டை இன்னும் சரிவரேல்லை."

அருச்சனை பற்றி அத்தான் என்னிடம் மூச்சு விட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் நிலத்தைப் பார்த்தார். அக்கா ஆயுள் கேட்டுக்கொண்டிருந்தது, எரித்து முடிந்த ஒருவருக்கு. மைரிங்கன், அறுநூறு மீற்றர், ஆஸ்பத்திரி எல்லாம் போய்விட்டது. இனி ஒரு நிமிடம் பொறுத்தாலும் அது பாவம் என்று பட்டது.

"அக்கா, செய்யாதேங்கோ. நேசன் அண்ணை மோசம் போயிட்டார்."

அக்கா என்னையே பார்த்தார். அழவில்லை. அத்தான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து ஒரு கல்லில் இருத்தினார். அக்கா கேட்ட முதல் கேள்வி, "எப்ப?"

"மார்ச்சில. உங்கட ஒப்பரேசன் முடிஞ்சு எட்டாம் நாள்."

அவர் விரல்களை மடக்குவதைக் கண்டேன். மாதம் எண்ணுகிறார் என்று நினைத்தேன். சாவுத் துடக்கின், அந்தத் தீட்டின், முப்பத்தொரு நாளை எண்ணியிருக்கிறார். மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினார்.

"துடக்குக்குள்ள என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டவர். சிவநேசன், கேட்டை எண்டு நான் சொன்னனான். நீங்கள் பக்கத்தில நிண்டு கும்பிட்டனீங்கள்."

"இஞ்சேரும், உம்மட உயிருக்காண்டி..."

"பட்டுச்சீலை உடுத்திக்கொண்டு போனனான்" என்றார் அக்கா. "பூ வைச்சுக்கொண்டு போனனான்." அதன்பிறகுதான் அழுதார். துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், தைத்த நெஞ்சு குலுங்காமல் பார்த்துப் பார்த்து அழுதார். அப்படி ஒருவர் அழுததை நான் கண்டதில்லை. பக்கத்தால் போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தண்ணீர்ப் போத்தலை நீட்டி ஏதோ கேட்டார்கள். அத்தான் ஜேர்மன் மொழியில் ஒரே சொல் சொன்னார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

காலை 11.20. எழும்புவதற்கு முன் அக்கா என்னைக் கேட்டார். "அப்ப எனக்கு எழுதினது ஆர்?"

"நான்."

"எல்லாம்?"

"எல்லாம்."

அக்கா குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும்?"

"அதுவும் நான்தான் அக்கா."

அவர் கையை நீட்டினார். தூக்கிவிட நான் போனேன். என்னை விலக்கி அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

கிளெட்ச்சுக்கு இறங்கும் தெருவை வாசகர்களுக்கு வர்ணிக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. ஆறு வளைவோ ஏழு வளைவோ, நான் எண்ணவில்லை. புல்வெளியில் ஒரு சின்ன நீராவி ரயில் புகைவிட்டுக்கொண்டு போனது. கிளெட்ச் 1,757 மீற்றர், அங்கிருந்து தெரு மறுபடி எழும்பி எதிர்ச்சரிவில் ஏறுகிறது. ஏறும்போது திரும்பிப் பார்த்தால் நாங்கள் இறங்கிவந்த தெரு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும் என்று அத்தான் முன்பு சொல்லியிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் 12.05. கிறிம்சல் கணவாய், 2,164 மீற்றர். கருநீல ஏரி ஒன்று காற்றுக்குச் சுருங்கிக் கிடந்தது. மோட்டார் சைக்கிள்காரர் ஐம்பது பேராவது தலைக்கவசத்தைக் கழற்றிவைத்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். அக்கா விடிய நாலரைக்கு எழும்பிப் பொரித்த மீன் ரோல்ஸ்.

"மச்சம் சாப்பிடாதேங்கோ" என்றார் அக்கா. "எனக்கு இண்டைக்குத்தான் செத்தவீடு."

அத்தான் பெட்டியை மூடினார். அக்கா ஏரிக்கரைக்கு நடந்தார். சிறிது நேரம் கழித்து என்னை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இனியாவது ஒரு உண்மை சொல்லு. நான் கலியாணத்துக்கு வராததைப்பற்றி அவன் எப்பவாவது உன்னோட கதைச்சவனோ?"

இந்த இடத்தில் நான் சொல்லக்கூடிய பொய் என் நாக்கின் நுனியில் நின்றது. அவர் கோபமே இல்லாமல்தான் இருந்தார் அக்கா என்று சொன்னால் போதும். அந்த முகம் இளகும். அண்ணை வந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் அண்ணியின் குசினியில் நின்றது ஞாபகம் வந்தது.

"ஒருக்காத்தான் அக்கா. போன வருசம், காரில போகேக்க. 'அக்கா ஒருநாள் என்னட்டைக் கேப்பா. கேட்டா என்ன சொல்லுறதெண்டு எனக்கு இன்னும் தெரியாது' எண்டவர். வேற ஒண்டும் சொல்லேல்லை."

"தெரியாது எண்டவன்?"

"ஓம்."

அக்கா அந்தச் சொல்லைப் பலதடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "கேப்பன் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். "எனக்குத்தான் அறுபத்தேழு வயதாக வேண்டிக் கிடந்தது."

பின்னேரம் 1.50. மைரிங்கன் ரயில் நிலையத்துக்கு முன்னால். கிறிம்சலில் இருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல், அணைக்கட்டுகளையும் கறுத்த பாறைகளையும் கடந்து இறங்கும்போது வெயில் ஏறி, காருக்குள் வெக்கையாகிவிட்டது. அத்தான் காரை நிழலில் நிறுத்தினார். அக்கா இறங்காமலே கேட்டார்.

"நம்பரைத் தா."

"ஆற்ற நம்பர் அக்கா?"

"நேசன்ர பெண்சாதியின்ர."

இருபத்து நான்கு வருடத்தில் அவர் அந்த எண்ணைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ரொறொன்ரோவில் அப்போது காலை 7.50. அண்ணி வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். இப்ப வேண்டாம், ஆறுதலா வீட்டை போய் எடும் என்று அத்தான் தடுத்துப் பார்த்தார். அக்கா தன் தொலைபேசியில் எண்ணை அழுத்திக்கொண்டு, பேருந்துத் தரிப்பிடத்து வாங்கில் போய் உட்கார்ந்தார். முதல் தடவை எடுபடவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை அக்காவின் முதுகு நிமிர்ந்தது.

"ஜெசிந்தா" என்றார். "நான் நேசன்ர அக்கா."

நாங்கள் இரண்டு பேரும் கேட்காத தூரத்துக்கு நகர்ந்தோம். ஒரு மஞ்சள் பேருந்து வந்து ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது. இன்னொன்று வந்தது. முப்பத்தாறு நிமிடம். அதில் பாதி நேரம் அக்கா பேசவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். தலை குனிந்தபடியே இருந்தது. திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது, நடை தளரவில்லை. என்ன கதைத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புறூனிக் மலையைத் தாண்டி, ஏரிகளின் ஓரமாக லுசேர்ண் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் தலையில் தண்ணீர் வார்த்துக் குளித்தார். சாமிப்படத்துக்கு முன் விளக்கு ஏற்றவில்லை.

மறுநாள் சூரிச் விமான நிலையத்துக்கு அக்காவும் வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. பாதுகாப்புச் சோதனை வாசலில் வைத்து என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டார், சின்ன வயதில் செய்வதுபோல. ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை.

"என்ர உயிருக்காகத்தான் செய்தனி எண்டு எனக்குத் தெரியும். அதுக்காக அது சரியெண்டு ஆகாது. இனி ஒருத்தற்ற பேரிலயும் ஒரு சொல்லும் எழுதாதை."

"இல்லை அக்கா."

"போட்டு வா."

விமானம் ஏறிய பிறகு யன்னலால் அந்த மலைகளைக் கண்டேன். மேலிருந்து பார்த்தால் தெரு தெரியவில்லை. பனி மட்டும்தான்.

ரொறொன்ரோவில் இறங்கினால் எல்லாம் தட்டை. 401 நெடுஞ்சாலை கிழக்கே நேராக ஓடுகிறது. ஒரு வளைவில் எதிரே யார் வருகிறார் என்று பயப்படத் தேவையில்லை. அரை மைலுக்கு முன்னாலேயே எல்லோரையும் காணலாம். மலைத்தெருவில் போய்வந்த பிறகு இந்தத் தெருவின் அருமை தெரியும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் எனக்கு அது பெரிய சலிப்பாக இருந்தது. யாரும் யாருக்கும் பின்னால் எடுத்து வழிவிடத் தேவையில்லாத தெரு. அடுத்தநாள் பின்னேரம் வேலை முடிந்ததும் மார்க்கத்துக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, இந்தமுறை உட்காரச் சொன்னார். தேநீரும் தந்தார்.

"அக்கா செப்ரெம்பரில வாறாவாம்" என்றார். "டொக்டர் பறக்கலாம் எண்டு சொன்னாலாம். எங்க நிக்கப்போறியள் எண்டு கேட்டன். சொல்லத் தெரியாமல் நிண்டவ. அவர் இருந்த வீடு இதுதானே, இஞ்ச வந்து நில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

தேநீரைக் கீழே வைத்தேன். ஆறு நாளும் ஒரு மலையும் கடந்து வந்தவனுக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்க உரிமை இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"அப்ப மன்னிச்சிட்டீங்களோ, அண்ணி?"

அண்ணி என் கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

"அதை அவ வரேக்க நான் அவவிட்டைச் சொல்லுவன் தம்பி. உங்களிட்டைச் சொல்லமாட்டன்."

சரி என்றேன்.